ஐந்தாவது வயர்

காலை எட்டரைக்கு மெஷின்கள் ஓடத் தொடங்கியதும் மாரிச்செல்வம் திருட ஆரம்பித்தான்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பனியன் கம்பெனி வாசலில் டிபன் பைகள் வைக்கும் அலமாரி. அதில் சகாயராஜின் பவர் பேங்க். அதிலிருந்து ஏற்கெனவே நாலு வயர்கள் தொங்கின: வேல்விழியின் போன், வேல்விழியின் ப்ளூடூத், சூப்பர்வைசரின் பட்டன் போன், ஒடிசாக்காரர் ஒருவரின் கழுத்து ஃபேன். யாரும் பார்க்காத நேரத்தில் மாரிச்செல்வம் ஐந்தாவது வயரைச் சொருகினான். அதன் மறுமுனை அவனுடைய டிபன் பைக்குள் போய், அவனுடைய பழைய பவர் பேங்க்கில் முடிந்தது.

பழைய பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில் வாங்கிய வயர். இரண்டு முனையும் ஒரே மாதிரி. எதை எதில் சொருகினாலும் சேரும், கரண்டு பாயும்.

"உறிஞ்சு, நல்லா உறிஞ்சு" என்று பையைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஓவர்லாக் மெஷினில் போய் உட்கார்ந்தான்.

மூன்று வாரத்துக்கு முன்புவரை அந்த லைனுக்கு மின்சார வாரியமே மாரிச்செல்வம்தான். போன வருடம் சார்ஜில் கிடந்த போன் ஒன்று வெடித்து ஒரு மூட்டை பனியன் கருகியதிலிருந்து, கம்பெனி பிளக்கில் யாரும் கைவைக்கக் கூடாது. ஆகவே முப்பதாயிரம் எம்ஏஎச்சில் செங்கல் மாதிரி ஒரு பவர் பேங்க் வைத்திருந்தவனைப் பார்த்து எல்லோரும் பல்லைக் காட்டினார்கள். செக்கிங் டேபிள் வேல்விழி மட்டும்தான் சிரித்தாள். "மாரி, ஒரு பத்து பர்சென்ட் போதும்" என்பாள். அவன் எழுபது கொடுப்பான்.

அப்புறம் தூத்துக்குடியிலிருந்து சகாயராஜ் அயர்னிங்கில் வந்து சேர்ந்தான். அவனுடையது இருபதாயிரம்தான். ஆனால் புத்தம் புதுசு, நீல நிறம், எத்தனை பர்சென்ட் இருக்கிறது என்று எண்ணாகவே காட்டும். மாரிச்செல்வத்தினுடையதோ பைக்கிலிருந்து ஒருமுறை விழுந்ததில் இருந்த ஒரே விளக்கும் போனது.

அன்று மத்தியானமே வேல்விழியின் வயர் இடம் மாறியது. மறுநாள் மாரிச்செல்வத்தை அவள் "அண்ணே" என்று கூப்பிட்டாள்.

அன்று சாயங்காலம்தான் அவன் ஐந்தாவது வயரை வாங்கினான்.

ஒரு வாரத்தில் நீலப் பெட்டி நாக்கு தள்ளிவிடும் என்று கணக்குப் போட்டான். தள்ளவில்லை. நாலு வயருக்கும் கொடுத்துவிட்டு, சாயங்காலம் எண்பது, தொண்ணூறு என்று காட்டிக்கொண்டு நின்றது.

"எங்கம்மா அந்தோணியார் கோயில்ல வச்சு எடுத்துக் குடுத்தது" என்று சகாயராஜ் சொன்னான். வேல்விழி நீலப் பெட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாரிச்செல்வத்தின் மெஷினில் நூல் அறுந்தது.

"ஏண்ணே, ஒங்க செங்கல் எங்க? இப்பக் கொண்டு வாரதில்லையா?" என்று சகாயராஜ் அவனைக் கேட்டான்.

"ரெஸ்ட்ல இருக்கு."

"பாவம். வயசாயிட்டுல்லா!"

வேல்விழி எப்போது வேண்டுமானாலும் மனம் மாறலாம் என்று, செங்கல்லை அவன் வீட்டில் தினமும் சார்ஜில் போட்டும் வைத்தான். மண்ணரையில் அவன் குடியிருந்த லைன் வீட்டின் சொந்தக்காரர் செல்லாத்தாளுக்கு அது பொறுக்கவில்லை.

"ஏங் கண்ணு, தெனமும் பொழுதானா மாட்டறே, விடிஞ்சாத்தான் கழட்டறே. அத்தன கரண்டும் எங்கதான் போவுது?"

"பழசுங்கம்மா. கொஞ்சம் குடிக்கும்."

இந்தச் சனிக்கிழமை விஷயம் முற்றியது. அருப்புக்கோட்டையில் வேல்விழியின் அக்காவுக்கு வளைகாப்பு. மூன்று நாள் லீவு.

"வீடியோ பூரா நான்தான் எடுக்கணும். அஞ்சு மணிக்கு யாருது ஃபுல்லா நிக்குதோ, அத வாங்கிட்டுப் போறேன்" என்று இரண்டு பேரிடமும் பொதுவாகச் சொன்னாள். "சார்ஜ் எப்படி இருக்குன்னு தெனம் போன் பண்ணிச் சொல்லிர்றேன்."

தினம் போன்! மாரிச்செல்வம் அன்று வயரை அழுத்திச் சொருகினான். பையைத் திறந்தால் கழன்றுவிடும் என்று மத்தியானம் சோற்றைக்கூட எடுக்கவில்லை. பட்டினியாக உட்கார்ந்து, நீலப் பெட்டி துளித்துளியாகச் சாவதை மனசுக்குள் பார்த்துக்கொண்டே எண்பது டஜன் தைத்தான்.

ஐந்து மணி. மாரிச்செல்வம் முன்னால் ஓடிப்போய் வயரை உருவி மறைத்துக்கொண்டான்.

வேல்விழி நீலப் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். நூறு.

"இப்ப ஒங்களுதுண்ணே."

மாரிச்செல்வம் செங்கல்லை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினான். நாள் பூரா குடித்திருக்கிறது, வயிறு முட்டத்தான் இருக்கும். வேல்விழி தன் போனைச் சொருகினாள். போன் கண்ணே திறக்கவில்லை. கழற்றி, வயர் முனையை ஊதி, மறுபடி சொருகினாள். அப்போதும் அப்படியே.

"நெசமாவே செங்கல்தானாண்ணே இது?"

நீலப் பெட்டி அவளுடைய கைப்பைக்குள் போனது. தெருமுனை திரும்பும்போது கையாட்டினாள். மாரிச்செல்வமும் பதிலுக்குக் கையைத் தூக்கினான். அப்புறம்தான் பின்னால் சகாயராஜ் நிற்பதைப் பார்த்தான். தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டான்.

"ஒத்துக்கிடுதேன்டா, சகாயம்" என்றான். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. இப்படி நிக்கிறதுக்கு, ராத்திரி எத்தன மணி நேரம்டா சார்ஜ் போடுவ?"

சகாயராஜ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"யார்கிட்டயும் சொல்லிராதீங்கண்ணே. எங்க ரூம்ல பதினோரு பேருக்கு ஒத்த பிளக்கு. வாங்குனதுலருந்து நான் ஒரு தடவகூட சார்ஜே போட்டதில்ல!"