முப்பது கிலோமீட்டர்

வெல்டர் சங்கரபாண்டி குடித்துவிட்டு ஓட்டிய பைக்கிலிருந்து விழுந்துதான் அவன் மனைவி பேச்சியம்மாளுக்கு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. அதற்குப் பிறகு நான்கு வருடமாக அவன் குடிப்பதில்லை. இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து அவளுக்காக ஒரு நாலு சக்கர வண்டி செய்தான். மோட்டாரும் பேட்டரியும்தான் பாக்கி. அவளை அதிலேயே உட்காரவைத்து அவை விற்கும் கடைவரைக்கும் தள்ளிக்கொண்டு போனான். "பொண்டாட்டியத் தாங்குதாம்யா" என்று தெருவில் யாரோ சொன்னது அவன் காதில் இனித்தது. அவள் தலை நிமிரவில்லை.

கடைக்கார இளைஞன் வண்டியின் எடையையும் அவள் எடையையும் கேட்டான். ஆயிரம் வாட்ஸ் மோட்டார் பாலத்து ஏற்றத்தையும் இழுத்துவிடும் என்றான்.

"எவ்வளவு தூரம் போணும்ணே? அதப் பொறுத்துதான் பேட்டரி."

"கோயிலுக்கும் ரேஷன் கடைக்கும் போய்ட்டு வந்தா போதும். சின்னதாவே போடு" என்றான் சங்கரபாண்டி.

பேச்சியம்மாள் அப்போதுதான் வாய் திறந்தாள். "எங்க அண்ணன் வீடு முப்பது கிலோமீட்டர். அங்க வரைக்கும் போவுமா தம்பி?"

"இந்தப் பெரிய பேட்டரி ஒண்ணு போட்டாப் போவும்க்கா. திரும்பி வரணும்னா ரெண்டு வேணும்."

"ஒண்ணு போதும்."

கடைக்காரன் சிரித்துக்கொண்டே சங்கரபாண்டியைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

சங்கரபாண்டி குனிந்து அந்தப் பெரிய பேட்டரியைத் தூக்கினான். அவள் காலடியில் சின்னப் பேட்டரிக்கென்று அவன் அளவெடுத்துச் செய்திருந்த இரும்புப் பெட்டிக்குள் அது நுழையவில்லை. அதைக் கீழே வைத்துவிட்டு, பெட்டியின் விளிம்பை விரலால் அளந்து பார்த்தான்.

"கட்டிங் மெஷின் இருக்கா தம்பி?" என்று கேட்டான்.