அசோகத்துக்கு என்ன ஆச்சு?

"பிழைக்குமா பிழைக்காதா, அதை மட்டும் சொல்லுங்கம்மா."

கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக் கழற்றக்கூட மறந்து, வீட்டின் பின்பக்கம் நின்றார் டெய்லர். நர்சரிக்காரம்மா அசோக மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கிளை நுனிகளில் எல்லாம் இலைகள் கொத்துக் கொத்தாக, நிறம் வெளுத்து, பிழிந்து போட்ட துணிபோலத் தொங்கின.

"யாரு வச்சது?"

"என் சம்சாரம். கோவிச்சுக்கிட்டு அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. எப்படியாவது அவ வந்து இதைப் பார்த்தாகணும்."

"என்ன கோவம்?"

"அதான் தெரியலை. சட்டைக் கையில கால் இஞ்ச் தப்பினா எனக்குத் தெரிஞ்சுடும். இது மட்டும் பிடிபடலை."

நர்சரிக்காரம்மா ஓர் இலைக்கொத்தை உள்ளங்கையில் ஏந்தினார். கையை எடுத்ததும் அது துவண்டு விழுந்தது.

"கவலையை விடுங்க டெய்லர். இது நோயே இல்லை."

டெய்லரின் முகம் சுருங்கியது. "நல்லாப் பாருங்கம்மா."

"பார்த்துட்டேன். இது புளியமரத்துக்குப் பங்காளி. புது இலையை இப்படித்தான் விடும். பச்சையும் ஏத்தாது, விறைப்பும் கொடுக்காது. இளசா இருக்கும்போதே பச்சை ஏறிட்டா பூச்சிக்கு விருந்துதானே? வெளுத்த இலையைத் தின்னா அதுக்கு என்ன லாபம்? தடிச்ச பிறகு தானா பச்சை ஏறும், நிமிரும். உங்க பாஷையில சொன்னா, இப்போ கஞ்சி போடாத துணி."

"பட்டை வெடிச்சிருக்கே?"

"வயசானா வெடிக்கும். உங்க குதிகால் வெடிக்கலையா?"

"வேர்ல ஏதாவது..."

"அடிமரம் கல்லு மாதிரி இருக்கு. நம்ம ரெண்டு பேருக்கு அப்புறமும் இது நிக்கும்."

டெய்லர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். "போச்சு."

"என்ன போச்சு?"

"'மரத்துக்கு ஏதாவது ஆனா மட்டும் கூப்பிடுங்க, வேற எதுக்கும் வரமாட்டேன்'னு சொல்லிட்டுப் போனா. அன்னையிலேர்ந்து தினமும் காலையில இங்கதான் நிக்கிறேன். நேத்து இது தொங்கினதைப் பார்த்ததும்தான் அப்பாடான்னு இருந்துச்சு."

நர்சரிக்காரம்மா கொஞ்ச நேரம் மரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"நம்பரைப் போட்டுக் கொடுங்க."

மறுமுனையில் குரல் கேட்டதும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நர்சரியிலேர்ந்து பேசறேம்மா. உங்க அசோகத்தைப் பார்க்க வந்தேன். இலையெல்லாம் வெளுத்துத் தொங்குது. தாங்குமான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. நீங்க ஒரு தடவை நேர்ல வந்து பார்த்துட்டா நல்லது."

மறுமுனையிலிருந்து உடனே பதில் வந்தது.

"வருஷா வருஷம் அது அப்படித்தாம்மா தொங்கும். அந்த மனுஷன் கண்ணுல இப்போதான் பட்டிருக்கு. சாயங்காலம் வர்றேன்னு சொல்லுங்க."