மூன்றாவது சந்தேகம்

"வந்தாச்சு நம்ம சொட்டு நீலம்" என்று முனகிக்கொண்டே கையுறைப் பெட்டியை இழுத்தார் பெரிய சிஸ்டர்.

பிரசவ வார்டு வாசலில் வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி அந்தப் பெண் நின்றிருந்தாள். பின்னால் அவள் மாமியார். இது மூன்றாவது முறை. மூன்று முறையும் ஒரே புகார்தான்.

"பனிக்குடம் உடைஞ்சிடுச்சோன்னு சந்தேகமா இருக்கு சிஸ்டர்."

பெரிய சிஸ்டருக்குச் சுள்ளென்று ஏறியது. போன தடவையே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மூத்திரம் என்றால் வாடை காட்டிக் கொடுத்துவிடும், அடக்கினால் நிற்கும். பனிக்குடத் தண்ணீருக்கு அந்த வாடை இருக்காது, எவ்வளவு அடக்கினாலும் நிற்காது. உலர்ந்த பேட் ஒன்றை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படு, எழுந்தால் மறுபடி நனைகிறதா என்று பார், அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் கிளம்பி வா என்று. இவளுக்கு அதில் "கிளம்பி வா" மட்டும்தான் காதில் விழுந்திருக்கும்போல.

மாமியார் அதற்குள் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். மருமகளை ஒரு துரும்பைக்கூட நகர்த்த விடுவதில்லையாம். மகாராணி மாதிரி வைத்திருக்கிறார்களாம். சும்மா உட்கார்ந்து உட்கார்ந்துதான் இப்படியெல்லாம் சந்தேகம் வருகிறதாம்.

வரிசையில் இருந்த பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். பெரிய சிஸ்டரும் மனசுக்குள் ஆமாம் போட்டார். டூட்டி உடுப்போடு நேராகப் போய்ப் பிரசவக் கட்டிலில் படுத்தவர் அவர். இந்தக் காலத்துப் பெண்களுக்கு இடம் கொடுத்தால் இப்படித்தான்.

உள்ளே அழைத்துப் போய்த் திரையை இழுத்தார். படுக்கச் சொல்லி வாய் திறப்பதற்குள் அந்தப் பெண் படுத்துக் கண்ணையும் மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா வந்து சோதித்துப் பார்த்தார். உள்ளே கசிவே இல்லை, பனிக்குடம் பத்திரமாக இருக்கிறது, குழந்தையின் துடிப்பும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பெரிய சிஸ்டர் மட்டும் நகரவில்லை. கழற்றி வைத்த பேடைத் தூக்கிப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. வாடை இல்லை. அதன் அடிப்பக்கம்கூட ஊறிப்போயிருந்தது. உடம்பிலிருந்து கசிந்தால் அடிப்பக்கம் எப்படி நனையும்?

"ஏம்மா, இது மூத்திரமும் இல்ல, பனிக்குடத் தண்ணியும் இல்ல. குழாய்த் தண்ணி. யாரை ஏமாத்தற நீ?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய இமையிலிருந்து ஒரு கோடு காதை நோக்கி இறங்கியது.

முதல் தடவை நிஜமாகவே சந்தேகப்பட்டுத்தான் வந்தாளாம். அன்றைக்குப் பெரிய சிஸ்டர் அவளை ஒரு மணி நேரம் இடப்பக்கமாகப் படுக்கச் சொல்லியிருந்தார்.

"எந்திரிச்சா தொலைச்சிடுவேன்னு திட்டினீங்க சிஸ்டர். கல்யாணமாகி வந்ததுலேருந்து என்னைப் படுத்துக்கோன்னு யாரும் திட்டினதில்ல. அன்னிக்கு நல்லாத் தூங்கினேன். அதான்..."

பெரிய சிஸ்டர் அவள் புடவையைக் கொஞ்சம் விலக்கி, வீங்கியிருந்த காலைப் பார்த்தார். விரலால் அழுத்தினார். குழி விழுந்தது, மேலே வரவில்லை. கால் விரல் இடுக்கெல்லாம் ஈரத்திலேயே நின்று நின்று வெளுத்துப்போய்த் தோல் உரிந்திருந்தது. ரத்த அழுத்தத்தை மறுபடி எடுத்தார். டாக்டரம்மாவிடம் போய்க் காதோடு ஏதோ சொன்னார். டாக்டரம்மா வந்து காலைப் பார்த்துவிட்டு, பிரசவம் முடிகிறவரை இங்கேயே இருக்கட்டும் என்றார்.

பெரிய சிஸ்டர் வெளியே வந்தபோது மாமியாரின் மகனும் வந்து சேர்ந்திருந்தான். போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"ஒண்ணும் இல்லதானே சிஸ்டர்? நான்தான் சொன்னேனே" என்றார் மாமியார்.

"இருக்கு. வீட்டுக்கு அனுப்ப முடியாது. குழந்தை பொறக்கற வரைக்கும் படுக்கையிலதான் இருக்கணும்."

மாமியாரின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப ராத்திரிச் சமையல்?"

மகன் இப்போதுதான் நிமிர்ந்தான். "நாளைக்குப் போட ஒரு சட்டைகூட தேய்ச்சு வைக்கலையே அவ" என்றான்.

வரிசையில் உச்சுக்கொட்டிய பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மகாராணின்னீங்களே. சேவகம் பண்ற ஆளுங்க வீட்டுல இருப்பாங்கதானே, அவங்களைச் செய்யச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் பெரிய சிஸ்டர் கதவைச் சாத்தினார்.

மதியம் முழுக்க அவள் அடித்துப் போட்டமாதிரி தூங்கினாள். பக்கத்துக் கட்டில்காரி குறட்டைச் சத்தம் என்று குறைப்பட்டுக்கொண்டபோது, காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று பெரிய சிஸ்டரே பஞ்சு கொடுத்தார்.

சாயங்காலம் டூட்டி முடிந்து கைப்பையை எடுத்தவர், போகிற போக்கில் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தார்.

அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். விரிப்பு முழுக்க ஈரம். அவள் தொடைகளை இறுக்கிக்கொண்டபோதும் நிற்காமல், வெதுவெதுப்பாக, கட்டில் விளிம்பிலிருந்து தரைக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. பெரிய சிஸ்டரைப் பார்த்ததும் அவள் அவசரமாக விரிப்பை இழுத்து ஈரத்தை மூடப் பார்த்தாள்.

"சிஸ்டர், சத்தியமா இந்தத் தடவை நான் ஊத்தல."