மச்சானுக்கு அனுப்பிய தேநீர்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மனைவி. இந்தப் பக்கம் கட்டிலில் அவள் தம்பி. நடுவில் நான், மேலங்கிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த ஃப்ளாஸ்க்கோடு.

நாலு மணிக்கு நர்ஸ் வந்துவிடுவாள். மணி மூன்று ஐம்பத்தாறு.

ஜலதோஷம் என்று பத்து நாளாக வீட்டோடு இருந்தவள், இன்று பார்த்து, தம்பி தேநீர் குடிப்பதைக் கண்ணால் பார்த்தே தீருவேன் என்று வந்து நிற்கிறாள்.

மச்சானுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்துப் பதினெட்டு நாள் ஆகிறது. மூலிகை, வேர், பட்டை எதுவும் அவன் வாயில் படக்கூடாது என்று டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். எதிர்ப்புச் சக்தி ஏறினால், யாரோ அந்நியன் வீட்டுக்குள் புகுந்துவிட்டான் என்று உடம்பு புதுச் சிறுநீரகத்தை அடித்து விரட்டிவிடுமாம்.

என் மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அப்புறம் வீட்டில் அடுப்பைப் பற்றவைத்தாள்.

"எந்நேரமும் மூக்கை மூடிக்கிட்டுத் திரியறவர். அவருக்கே தீராத சளி. அவர் பேச்சைக் கேக்கறதா?"

இஞ்சி, மிளகு, அதிமதுரம், பெயர் சொல்லாத இரண்டு வேர். முப்பத்தேழு வருடக் குடித்தனத்தில் அந்தத் தேநீரை நான் தொட்டதில்லை. ஒருமுறை அதன் ஆவி பட்டே எங்கள் சுவர்க்கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடிவிட்டது.

முதல் நாள் அதை ஆஸ்பத்திரிக் கழிவறையில் ஊற்றினேன். துப்புரவு செய்கிற அம்மா மோப்பம் பிடித்து, எங்கோ எலி செத்துக் கிடக்கிறதென்று மூன்று மாடியும் தேடினார்.

ஊற்றவும் வழியில்லை. நிறைந்த ஃப்ளாஸ்க்கோடு திரும்பினால், தம்பிக்குப் புகட்ட அவளே கிளம்பிவிடுவாள். மறுநாளிலிருந்து நானே குடித்தேன். என்னைக் கடித்த கொசு ஒன்று, அடுத்த நாள் எரிகிற கொசுவத்திச் சுருள்மேல் உட்கார்ந்திருந்தது. நான் பார்த்தேன்.

மூன்று ஐம்பத்தெட்டு. மூடியை அழுத்தித் திருகினேன். விலாவில் சுருக்கென்றது.

"அக்கா முறைக்குது மாமா. ஒரே ஒரு வாய் குடிச்சிடறேனே."

ஐம்பது வயதாகிறது. இன்னும் அக்காவுக்குப் பயம்.

"வாயை மூடு மாப்ளே."

கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, அவனை மறைத்து நின்றேன். முகமூடியை இறக்கினேன். தலையை அண்ணாந்து, மூச்சு விடாமல் மொத்தத்தையும் உள்ளே இறக்கினேன். தொண்டையில் யாரோ உப்புத்தாள் தேய்த்தார்கள்.

நர்ஸ் கதவைத் திறந்தபோது நான் நல்ல பிள்ளையாகப் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் என் மனைவி ஃப்ளாஸ்க்கைப் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள். ஒன்றும் விழவில்லை.

"சொட்டு விடாம குடிச்சுட்டான்," என்றேன்.

"எங்கேயாவது கொட்டிடறீங்களோன்னு பத்து நாளா தூக்கமே இல்லை. இன்னிக்குப் பின்னந்தலை அண்ணாந்ததைப் பார்த்தப்புறம்தான் உயிர் வந்தது."

கட்டிலில் சாய்ந்திருந்தவனின் பின்னந்தலை இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டே லிஃப்ட் பொத்தானை நாலு தடவை அழுத்தினேன்.

"டாக்டரைக் கேட்டுட்டுத்தான் போட்டேன். அவனுக்குத்தான் ஆகாதாம். உங்களுக்குத் தரலாம்னுட்டார். உங்களுக்குன்னு சொல்லிப் போட்டா குடிச்சிருப்பீங்களா?"

லிஃப்ட் வந்தது. அவள் ஃப்ளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சட்டைக்குள் இன்னும் தையல் ஆறாத என் இடது விலாவை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்தாள்.

அங்கே பதினெட்டு நாளுக்கு முன்புவரை இருந்தது, இப்போது மச்சானிடம் இருக்கிறது.