ஓடைக்கரை நீலப்பூ

பேப்பரைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைத்துனர் நர்சரிக்குள் நுழைந்தபோதே மூக்கு விடைத்திருந்தது.

"மாமா, உங்க மக பண்ணின காரியத்தைப் படிச்சீங்களா?"

நர்சரிக்காரர் தொட்டிகளிலிருந்து செடிகளை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார். எல்லாம் 'நீலராணி'. அது அவராக வைத்த பெயர். தாவரவியல் ஒப்புக்கொள்ளுமா என்பது வேறு விஷயம். கடையில் அதிகம் விற்கிற பூச்செடி அதுதான்.

"படிச்சேன் மச்சான். போட்டோ நல்லா விழுந்திருக்கு."

"போட்டோவா இப்ப முக்கியம்? ஓடைக்கரை முழுக்கப் பரவிக் கிடக்கிற நீலப்பூ நம்ம மண்ணுச் செடியே இல்லையாம். கடல் தாண்டி வந்த களையாம். நர்சரியிலேர்ந்து தப்பிச்சுப் போனதாம். ஊர்ல இருக்கிறதே உங்க நர்சரி ஒண்ணுதானே!"

"சரியாத்தான் சொல்லியிருக்கா."

மைத்துனருக்கு ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் வித்தியாசம் தெரியாது. அபிப்பிராயத்துக்கு மட்டும் பஞ்சமில்லை.

"ஏதோ பூத்துட்டுப் போகுது. யாருக்கு என்ன நஷ்டம்?"

நர்சரிக்காரர் பிடுங்கிய நீலராணியிலிருந்து முற்றிய காய் ஒன்றை எடுத்து மைத்துனரின் உள்ளங்கையில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். மைத்துனர் குனிந்து பார்த்தார். 'பட்'டென்று காய் வெடித்து, விதைகள் அவர் மூக்குக்கண்ணாடியில் தெறித்தன.

"ஒரு மழை போதும் மச்சான். கரையில வேற எந்தச் செடிக்கும் இடம் விடாது."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மைத்துனர் தொடர்ந்தார். "இருக்கட்டும். இந்தக் கடையை நம்பித்தானே அவளைச் செடி ஆராய்ச்சி படிக்க வச்சீங்க? பெத்த அப்பன் வயித்துலயே அடிச்சிட்டாளே! கொஞ்சமாவது பாசம் இருந்தா வாயைத் திறந்திருப்பாளா?"

நர்சரிக்காரர் கையிலிருந்த மண்ணை வேட்டியில் துடைத்துவிட்டு, பேப்பரை வாங்கி, மகளின் படத்தில் விழுந்திருந்த சுருக்கத்தை நீவிவிட்டார்.

"ஓடைக்கரையில பார்த்ததும், நம்ம நீலராணிதானோன்னு எனக்கே சந்தேகம். பூவும் காயுமா ஒடிச்சிட்டுப் போய் அவகிட்டக் காட்டினதே நான்தான். ரொம்ப நேரம் பார்த்துட்டு, 'என்ன செடின்னு தெரியலப்பா'ன்னா. நடை பழகின நாள்லேர்ந்து, எந்தச் செடியைக் காட்டியும் அவ அப்படிச் சொன்னதே இல்ல மச்சான்."

நர்சரிக்காரர் பேப்பரை மடித்து மைத்துனரிடம் நீட்டினார்.

"'அப்பனுக்காகப் பொய் சொல்லாதே, பேரைச் சொல்லு'ன்னு அதட்ட வேண்டியதாப் போச்சு!"