ஆறு பொத்தான்கள்

நல்லசிவத்துக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வலது கையும் பாதிதான் சொன்னபடி கேட்கும். கோவையில் அவர் தனி வீட்டில் வாழ முடிந்ததே, தினமும் உதவிக்கு வந்த பொற்கொடியால்தான். உதவியாள் இன்னும் தேவையா என்பதை, ஆண்டுக்கொரு முறை அரசு அவர் வீட்டுச் சுவரில் பதித்த இயந்திரக் கண் அரை மணி நேரம் பார்த்து முடிவு செய்யும்.

"இன்னிக்கு மட்டும் வீராப்பு வேண்டாமுங்க ஐயா. டம்ளர் விழுந்தா விழட்டும்," என்று சோதனை நாள் காலையில் பொற்கொடி கெஞ்சினாள்.

"வேத்தாள் முன்னாடி முடியாதுன்னு எங்க வீட்டுல ஒருத்தரும் சொன்னதில்லை அம்முணி. நான் போயி சுவத்துக்கிட்ட சொல்லோணுமா?"

அவளுக்குத் தெரியாமல் இரண்டு மாதம் பழகியிருந்தார். சட்டையின் ஆறு பொத்தான்களையும் இடக்கையாலேயே போட்டார். காபியைச் சிந்தாமல் குடித்தார். கட்டிலிலிருந்து அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தது யார் என்று சுவர் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"பாராட்டுகள். நீங்கள் உதவியின்றி வாழத் தகுதியானவர்," என்றது சுவர்.

அவர் மீசையை நீவிக்கொண்டார்.

மறுநாள் காலை அவள் விரல் ரேகைக்குக் கதவு திறக்கவில்லை; சுவர் அவள் அனுமதியை நீக்கியிருந்தது. உள்ளே கனமாக ஏதோ விழுந்தது.

"ஐயா! முடியலைன்னு ஒரு வார்த்தை சுவத்துக்கிட்ட சொல்லுங்க, கதவு திறந்துரும்!"

மூச்சிரைப்பு கேட்டது. பிறகு, விருந்தாளியை வழியனுப்புவது போன்ற அவர் குரல் தரையை ஒட்டி வந்தது.

"நான் நல்லாத்தான் இருக்கறேன் அம்முணி. வெயில் ஏறுறதுக்குள்ள நீ கிளம்பு."