பேனாவை மூடினால்

ஏணிக் கம்பெனி போர்டில் எலும்பு டாக்டருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஏணியிலிருந்து விழுகிறவர்களைப் பற்றித் தெரிந்த ஒருவர் வேண்டுமென்று சேர்மனே தேடிப் பிடித்து அந்த அம்மாவை டைரக்டராகச் சேர்த்திருந்தார். டாக்டருக்கு இது மூன்றாவது கூட்டம்.

மேஜைப் பக்கத்தில் புது மடக்கு ஏணி பளபளவென்று நின்றது. போர்டு சரி என்றால் திங்கட்கிழமை கடைகளுக்குப் போய்விடும்.

"எப்படி இருக்கு? மனசுல பட்டதைச் சொல்லுங்க!" சேர்மனுக்கு முகமெல்லாம் பல்.

"அட்டகாசம் மாமா!" என்றார் விற்பனையைக் கவனிக்கும் மாப்பிள்ளை.

"சட்டப்படி ஒரு குறையும் இல்லை," என்றார் வக்கீல், ஏணிப் பக்கம் திரும்பாமலே.

சோதனைப் பிரிவுத் தலைவருக்குக் கம்பெனியில் 'ஸ்பேனர்' என்றுதான் பெயர். அவர் இழுத்தார். "நல்லா... வந்திருக்கு சார்."

டாக்டர் எழுந்து போய், விரித்த ஏணியைப் பூட்டும் கொக்கியைத் தொட்டுப் பார்த்தார். லேசாக ஆடியது. சேர்மன் ஆசை ஆசையாகத் தன்னையே பார்ப்பதையும் கவனித்தார்.

"பிரமாதம் சார்!"

ஓரமாக உட்கார்ந்திருந்த செகரெட்டரி எல்லாவற்றையும் மினிட்ஸ் நோட்டில் எழுதிக்கொண்டார்.

சேர்மன் எல்லார் முகத்தையும் ஒரு சுற்று பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"அப்போ ஓட்டுக்கு விட்டுடலாமா..."

அவருடைய போன் அடித்தது.

"அடடா, முக்கியமான கால். நீங்க பேசிக்கிட்டு இருங்க." போனைக் காதில் வைத்தபடி எழுந்து போய்விட்டார்.

கதவு சாத்திக்கொண்டதுதான் தாமதம், டாக்டர் பொரிந்து தள்ளினார்.

"என்னங்க இது? போன தடவையும் இப்படித்தான், அதுக்கு முந்தின தடவையும் இப்படித்தான்! முடிவு எடுக்கிற நேரத்துல எழுந்து போறவர் என்ன சேர்மன்? சரி, அவர் இல்லாதப்பவே கேட்டுடறேன். இந்தக் கொக்கி ஏன் ஆடுது?"

ஸ்பேனர் துள்ளி எழுந்தார். "அப்பாடா! நீங்களாவது கேட்டீங்களே! முப்பது, நாற்பது தடவை மடக்கி விரிச்சா நழுவுது டாக்டர்!"

"சும்மா இருங்க!" என்றார் மாப்பிள்ளை. "ஊர்ல இருக்கிற கடைக்காரங்களுக்கெல்லாம் தேதி சொல்லியாச்சு. என் மானம் போயிடும்!"

"ஏறினவங்களுக்கு இடுப்பு போயிடும்! இதை வெளியே விட்டா என் ஆஸ்பத்திரியில படுக்கை பத்தாது!"

"நழுவுதா இல்லையான்னு இப்பவே பார்த்துடலாம்!" மாப்பிள்ளை கோட்டைக் கழற்றி நாற்காலியில் வீசினார். ஏணியைத் தானே மடக்கினார், விரித்தார். வக்கீல் சின்னப் பிள்ளை மாதிரி சத்தமாக எண்ண ஆரம்பித்தார்.

இருபது. இருபத்தைந்து. மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. முப்பது.

"பார்த்தீங்களா? ஒண்ணும் ஆகலை!"

"நிறுத்தாதீங்க!" என்று கத்தினார் ஸ்பேனர். அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி அந்த அறை கேட்டதே இல்லை.

முப்பத்து நான்காவது தடவை 'டக்'கென்று ஒரு சத்தம். ஏணி காலைப் பரப்பிக்கொண்டு கம்பளத்தில் படுத்துவிட்டது.

மாப்பிள்ளை ஏணியை விட்டுப் பின்வாங்கினார். "ஐயோ! என் வீட்டுக்காரிதான் முதல் ஏணி தனக்குன்னு சொல்லி வெச்சிருக்கா!"

அப்புறம் ஒருவர் பேச்சை ஒருவர் பிடுங்கிப் பேசினார்கள். "ரெண்டாவதா ஒரு கொக்கி போட்டா?" என்றார் மாப்பிள்ளை. "பூட்டாம இருந்தா சிவப்பு தெரியற மாதிரி பண்ணுங்க," என்றார் வக்கீல். "அந்தச் சிவப்பைக் கீழே வைக்காதீங்க, ஏறுறவங்க கையைத்தான் பார்ப்பாங்க, காலை இல்லை," என்றார் டாக்டர். ஸ்பேனர் கிடைத்த காகிதத்தின் பின்பக்கத்தில் பரபரவென்று படம் போட்டார். நாலு தலையும் அந்தக் காகிதத்தின் மேல் முட்டிக்கொண்டு நின்றன. அரை மணி நேரம் போனதே யாருக்கும் தெரியவில்லை.

சேர்மன் உள்ளே வந்தார். கீழே கிடந்த ஏணியைப் பார்த்தார்.

"மாமா, மூணு வாரம் தள்ளிப் போடறோம். நாலு பேரும் ஒரே முடிவு!"

"சரி," என்றார் சேர்மன். பேனாவைத் திறந்து மினிட்ஸ் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கிளம்பிப் போய்விட்டார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எல்லாரும் போன பிறகும் டாக்டருக்கு ஆறவில்லை. செகரெட்டரியிடம் வந்தார்.

"நல்லவேளை, நாங்க இருந்தோம்! இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்? முக்கியமான நேரம் பார்த்து அவரை அப்படி யார்தான் கூப்பிடறாங்க?"

"நான்தான் டாக்டர்," என்றார் செகரெட்டரி.

"என்னது?"

"எல்லாரும் தலையாட்ட ஆரம்பிச்சா அவர் பேனாவை மூடுவார். உடனே மேஜைக்கு அடியில நான் அவர் நம்பரைத் தட்டணும். வெளியே மாடிப்படியில உட்கார்ந்திருப்பார். உங்க சத்தம் அடங்கினப்புறம்தான் உள்ளே வருவார்."

டாக்டர் மாடிப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எதுக்கு இந்த நாடகம்? மனசுல பட்டதைச் சொல்லுங்கன்னு நேரா கேட்டா நாங்க சொல்ல மாட்டோமா?"

செகரெட்டரி மினிட்ஸ் நோட்டைத் திருப்பி, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

'காலை 11.05. மனதில் பட்டதைச் சொல்லும்படி சேர்மன் கேட்டார். டாக்டர்: பிரமாதம் சார்!'